லேப் ஸ்டீல்: நெக்கைத் தனியாகச் செய்து மாட்டினால் நாதம் குறையுமா?

சுருதிபிசகு:
பழைய தேக்கு நிலைச் சட்டத்தில் ஆறு கம்பி எலக்ட்ரிக் லேப் ஸ்டீல் (மடியில் படுக்க வைத்து, கம்பி மேல் உலோகப் பாரை நகர்த்தி வாசிக்கும் கிட்டார்) ஒன்று செய்தேன். ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், 22.5 இஞ்ச்; சும்மா மீட்டினால் சி6 கார்டு வரும் சி6 ட்யூனிங். கட்டை நீளம் பத்தாததால் நெக்கைத் தனியாக அறுத்து, பாடியில் நாலு மர ஸ்க்ரூ போட்டு மாட்டினேன். பார் வைக்காமல் மீட்டினால் அருமையாக இருக்கிறது. பார் வைக்கும் இடத்தைக் காட்ட நெக்கில் போட்ட கோடுகளில் ஏழாவதைத் தாண்டினால் ஒன்றிரண்டு சுரம் மட்டும் டொக்கென்று அடங்கிவிடுகிறது, ஹெட்டில் (நெக்கின் முறுக்காணி முனையில்) முழங்கை பட்டாலே சுருதி ஏறுகிறது. தேக்கு ஒத்துவராதா? இல்லை, நெக்கை உள்ளே குடைந்து வைஸன்பார்ன் கிட்டார் மாதிரி செய்துவிடலாமா?

கட்டைவிரல்:
ஒரே கட்டையில் செய்திருக்க வேண்டும். ரிக்கன்பேக்கர் கம்பெனி 1932-இல் விற்க ஆரம்பித்த 'வாணலி' கிட்டார் நெக்கும் பாடியும் ஒன்றாக வார்த்த அலுமினியம்.

மரத்தூள்:
அந்த அலுமினியம் மேடை விளக்குச் சூட்டில் விரிந்து சுருதி விலகும், அதையும் சொல்லுங்கள். அதற்கு அடுத்து அவர்களே செய்த பேக்லைட் மாடலில் நெக் போல்ட் போட்டு மாட்டியதுதான், இன்றைக்கும் அதன் நாதத்துக்காகவே தேடி வாங்குகிறார்கள். ஆகவே தனி நெக் குற்றமில்லை. இணைப்பு ஆடுகிறது, அல்லது நெக் வளைகிறது, அவ்வளவுதான். நெக் அசைந்தால் கம்பியின் அதிர்வை அது தின்றுவிடும், எந்தச் சுரத்தில் அது சேர்ந்து ஆடுகிறதோ அந்தச் சுரம் சாகும். ஹெட்டில் ஒரு சின்ன ஜி கிளாம்ப் மாட்டி வாசித்துப் பாருங்கள். அடங்குகிற இடம் வேறு கோட்டுக்கு நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம், நெக்தான். தேக்கை விட்டுவிடுங்கள் பாவம்.

குடைகிற யோசனை வேண்டாம் தம்பி. வைஸன்பார்ன் 1920-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் கோவா மரத்தில் செய்தது அக்கூஸ்டிக், நெக்குக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒலிக்கத்தான் அந்தக் குடைவு. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வைத்த கட்டையில் குடைந்தால் விறைப்புதான் போகும். இதை யாரும் கைக்குள் பிடித்து வாசிப்பதில்லையே, பிறகு எதற்கு ஒல்லி நெக்? கனத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு.

பார்பிடி:
பாருக்குப் பின்னால் விரலைச் சரியாகப் படுக்க வைக்கிறீர்களா? எனக்கு ஆறு மாதம் அதுதான் பிரச்சினை, வீணாக இரண்டு பிக்கப் மாற்றினேன்.

சுருதிபிசகு:
கிளாம்ப் மாட்டினேன், ஒன்பதில் செத்த சுரம் எட்டுக்குப் போய்விட்டது! பிரித்துப் பார்த்தால் இணைப்பில் வார்னிஷ் கட்டிகட்டியாக, ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி. சுரண்டிவிட்டு, ஆசாரியிடம் கொடுத்து இரண்டு பரப்பையும் இழைத்து வாங்கி, ஸ்க்ரூவை எடுத்துவிட்டு ஊடுருவும் போல்ட் போட்டு இறுக்கினேன். முழங்கை பட்டாலும் சுருதி அசையவில்லை. கிளாம்பைக் கழற்றிய பிறகு ஒன்பதில் மட்டும் கொஞ்சம் சோம்பல் இருக்கிறது. அடுத்த நெக் இரண்டு இஞ்ச் கனத்தில், கட்டை தேடிக்கொண்டிருக்கிறேன்.