டெக்சாஸில் பேரப்பிள்ளைகள்: பெற்றோரைத் தடுத்து வைத்தால் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது?

கேள்வி: திருநகர்வாசி, மதுரை

வணக்கம். நான் மதுரை திருநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற கருவூல ஊழியர். என் மகன் மனைவி மக்களோடு டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸை அடுத்த ஃபிரிஸ்கோவில் இருக்கிறான். எச்-1பி என்ற தற்காலிகப் பணி விசாவில் பணியாற்றிவந்த அவனுக்கு அண்மையில் வேலை போய்விட்டது. வேலை போனவர்கள் நாட்டில் தங்கியிருக்கத் தரப்படும் 60 நாள் அவகாசம் முடிவதற்குள் வேறொரு நிறுவனம் அவனுக்காக மனுத் தாக்கல் செய்துவிட்டது என்றாலும், முடிவு இன்னும் வரவில்லை. மருமகளும் 13 வயதுப் பேத்தியும், எச்-1பிகாரரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருக்கிறார்கள். பேத்தி மதுரையில் பிறந்தவள். 7 வயதுப் பேரன் அங்கேயே பிறந்தவன்.

பள்ளிக்கூடம், மருத்துவமனை, வழிபாட்டிடம் ஆகியவற்றில் குடியேற்றத் துறையினர் பொதுவாக நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றிருந்த நெறிமுறையை அமெரிக்க அரசு 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது என்று படித்ததிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. மகனிடம் கேட்டால், "நமக்கு ஒன்றும் ஆகாதுப்பா, நீங்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்குங்கள்" என்கிறான்.

நான் அறிய விரும்புவது இதுதான்: அதிகாரிகள் பள்ளிக்குள் நுழைந்து பிள்ளைகளை விசாரிக்க முடியுமா? ஏதோ ஒரு காரணத்தால் பெற்றோர் இருவரும் ஒரே நாளில் தடுத்து வைக்கப்பட்டால், பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பார்கள்? தாத்தா என்ற முறையில் என் பெயரைப் பள்ளியில் பதிந்துவைக்கலாமா? அதற்காக நான் இங்கே பத்திரம் ஏதேனும் எழுத வேண்டுமா? அந்த நாட்டு அரசியலைப் பற்றிய விவாதத்தை இந்தத் திரியில் தவிர்க்குமாறு வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கே.கே. நகர்

ஐயா, முறையான விசாவில் போனவர்களுக்கு இந்த அச்சம் தேவையில்லை. நடவடிக்கை எல்லாம் ஆவணம் இல்லாமல் நுழைந்தவர்கள் மீதுதான். மனு நிராகரிக்கப்பட்டால் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பட்டுமே, மதுரையில் பள்ளிக்கூடங்களுக்கா பஞ்சம்?

மறுமொழி 2: மேலூர்க்காரி, டல்லாஸ்

திருநகர் ஐயாவுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மேலூர். பல ஆண்டுகளாக டல்லாஸ் பகுதியில் குடியிருக்கிறேன். என் பிள்ளைகளின் பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். நான் வழக்குரைஞர் அல்லள். ஆகவே இங்கே எழுதுவதை உங்கள் மகன் ஒரு குடியேற்றச் சட்ட வழக்குரைஞரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

கே.கே. நகர் நண்பர் சொல்வதில் பாதி சரி. உங்கள் மகனுக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் மனு நிலுவையில் இருக்கும் காலத்தில், முறையாக வந்தவர் யார், தங்கும் காலம் கடந்தவர் யார் என்பதைச் சாலையில் நிறுத்தும் அதிகாரி அந்த நிமிடத்திலேயே சரியாகக் கணித்துவிடுவார் என்று எண்ணிக்கொண்டு பிள்ளைகளுக்கான ஏற்பாட்டைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பள்ளியில் படிக்கும் உரிமையும் நாட்டில் தங்கும் உரிமையும் வேறு வேறு. 1975இல் டெக்சாஸ் சட்டமன்றம், முறையான அனுமதியின்றி நாட்டுக்குள் வந்த பிள்ளைகளின் படிப்புக்கு மாநில நிதி கிடையாது என்று சட்டத்தைத் திருத்தியது. டல்லாஸுக்குக் கிழக்கே ஏறக்குறைய 100 மைலில் உள்ள டைலர் நகரின் பள்ளி நிர்வாகம் அதைக் காட்டி, அத்தகைய பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. கூலி வேலை செய்துவந்த சில மெக்சிக்கக் குடும்பங்கள், பெயரை மறைத்துக்கொண்டு, வழக்குத் தொடுத்தன. அவர்கள் யார் கண்ணிலும் படாமல் வந்துபோக வேண்டும் என்று விசாரணையை விடியற்காலையில் வைத்தார்கள். அன்றைக்கே நாடு கடத்தப்பட்டாலும் படலாம் என்று மூட்டை முடிச்சைக் காரில் ஏற்றிக்கொண்டே அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1982 ஜூன் 15 அன்று, பிளைலர் எதிர் டோ என்ற பெயரில், 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பானது. பெற்றோரின் குடியேற்ற நிலை எதுவாக இருந்தாலும் பிள்ளைக்கு அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்பது அதன் சாரம். எனவே உங்கள் மகனின் மனு என்னவானாலும், அவர்கள் அங்கே குடியிருக்கும்வரை பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை அந்த மனுவைப் பொறுத்ததன்று.

பேரன் 14ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகன். பிறப்புக் குடியுரிமை பற்றி 2025 ஜனவரியில் வந்த அதிபர் ஆணை, வெளியான 30 நாட்களுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளைப் பற்றித்தான் பேசுகிறது. 7 வயதுப் பிள்ளைக்கு அதில் வேலை இல்லை.

இனி நீங்கள் கேட்ட பள்ளி வாசல். பழைய நெறிமுறை விலக்கப்பட்டது உண்மை. ஆனால் அது அந்தத் துறை தன் அதிகாரிகளுக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அது போனதால், காரணமற்ற சோதனையையும் கைதையும் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் போய்விடவில்லை. நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டும், ஐ-200, ஐ-205 என்ற எண்களில் குடியேற்றத் துறை அதிகாரியே கையெழுத்திட்டுத் தரும் படிவமும் ஒன்றல்ல. துறையின் படிவத்தை வைத்துக்கொண்டு அதில் பெயருள்ளவரைப் பொது இடத்தில் பிடிக்கலாம். வீட்டுக்குள்ளோ, பொதுமக்கள் புழங்காத வகுப்பறைப் பகுதிக்குள்ளோ சம்மதமின்றி நுழைய அது போதாது என்பதே சட்ட வல்லுநர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். வாகனங்கள் நிற்குமிடமும் வரவேற்பறையும் பள்ளியினுடையவை என்றாலும் பொது இடம் போன்றவைதான். பிள்ளைகளைக் கொண்டுவிடும் நேரத்தில் பள்ளிக்கு வெளியே சாலையில் நடப்பதைத் தலைமையாசிரியரால் தடுக்க இயலாது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் பள்ளிகளுக்கென்றே பாதுகாப்புச் சட்டம் இயற்றியிருக்கின்றன. அத்தகைய சட்டம் டெக்சாஸில் இல்லாததால், பள்ளி மாவட்டத்தின், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்பின், வழக்குரைஞர் சொல்வதைப் பள்ளிகள் பின்பற்றுகின்றன. அதனால் உங்கள் மருமகள் பள்ளி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அதிகாரிகள் வந்தால் யார் அவர்களிடம் பேசுவார்கள், ஆவணத்தை யார் படித்துப் பார்ப்பார்கள், பெற்றோருக்கு எப்போது தகவல் வரும் என்று கேட்பது முற்றிலும் நியாயமானது. எங்கள் பள்ளியில் கேட்டபோது, அலுவலகப் பணியாளர் எவரும் தாமாக முடிவு செய்யக் கூடாது, பள்ளி மாவட்ட அலுவலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று எழுத்திலேயே பதில் வந்தது.

பள்ளிப் பதிவேடுகளை 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று காக்கிறது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ சட்டப்படியான அழைப்பாணையோ இன்றி அவற்றைப் பொதுவாக வெளியாருக்குத் தரக் கூடாது. பெயர், முகவரி, தொலைபேசி போன்றவற்றை மட்டும் 'பொதுத் தகவல்' என்று வகைப்படுத்திப் பள்ளி வெளியிடலாம். அதற்கும் உடன்படவில்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட முடியும். பலர் இந்தப் படிவத்தைப் படிக்காமலேயே கையெழுத்திட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மகனுக்கு ஓர் எச்சரிக்கை. வாட்ஸாப்பில் சுற்றும் துண்டறிக்கைகள் பெரும்பாலும் ஆவணம் இல்லாதவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. "எதையும் காட்டாதே, எதையும் சொல்லாதே" என்பதை எச்-1பிகாரர் அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை, அதாவது இவர்களைப் பொறுத்தவரை நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டதைக் காட்டும் ஐ-94 படிவத்தை, எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக உள்ள சட்டம். புதிய மனு ஏற்கப்பட்டதற்கான ரசீதின் நகலையும் சேர்த்து வைத்துக்கொள்ளட்டும். வீடு மாறினால் 10 நாட்களுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். அதே வேளையில், மௌனமாக இருக்கும் உரிமையும், வழக்குரைஞரிடம் பேசாமல் எதிலும் கையெழுத்திட மறுக்கும் உரிமையும் அவர்களுக்கும் உண்டு. பொய் சொல்வதும், தடுத்து நிற்பதும், ஓடுவதும் மட்டும் எந்நிலையிலும் கூடாது.

கடைசியாக, யார் அழைத்து வருவது என்பது. பள்ளியில் பெற்றோர் கொடுத்துவைத்திருக்கும் அவசரத் தொடர்புப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். உங்கள் பெயரையும் சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் இங்கே பிற்பகல் 3 மணி என்றால் உங்களுக்கு நள்ளிரவு 1.30, குளிர்காலத்தில் 2.30. நீங்கள் தொலைபேசியை எடுத்தாலும் பள்ளி வாசலுக்கு வர முடியாது. எனவே அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய இரண்டு மூன்று பேர், குறைந்தது ஒருவராவது குடியுரிமையோ கிரீன் கார்டோ (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) பெற்றவர், பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள எவரும் வராவிட்டால் பள்ளி காவல்துறைக்கோ குழந்தைகள் நலத் துறைக்கோ தெரிவிக்க நேரும். நீங்கள் அஞ்சும் நிலை அங்கேதான் தொடங்குகிறது. பட்டியல் அன்றைய மாலைக்குப் போதும், அடுத்த வாரத்துக்குப் போதாது. டெக்சாஸ் குடும்பச் சட்டத்தில் பெற்றோர் அல்லாத ஒருவருக்குப் பராமரிப்பு அதிகாரம் வழங்கும் ஒப்பந்தப் படிவம் உள்ளது. நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். உறவினர் அல்லாத நம்பிக்கையான பெரியவரையும் அதில் நியமிக்கலாம். பெற்றோரின் உரிமையைப் பறிக்காமல், மருத்துவம், பள்ளி போன்றவற்றை அவர் கவனித்துக்கொள்ள அது வழிசெய்கிறது. வங்கிக் கணக்கு, வாடகை, கார் ஆகியவற்றுக்கு வேறு அதிகாரப் பத்திரம் வேண்டும்.

மறுமொழி 3: வழக்குரைஞர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை

மேலூர்ச் சகோதரி அமெரிக்கப் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஐயா கேட்ட "இங்கே பத்திரம் எழுத வேண்டுமா" என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வேண்டாம். மதுரையில் சார்பதிவாளர் முன் நீங்கள் எழுதும் எந்தப் பத்திரமும் டெக்சாஸ் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. அதிகாரம் பெற்றோரிடம் இருக்கிறது; அவர்கள்தாம் அங்கே எழுதித் தர வேண்டும். ஒருவேளை பிள்ளைகள் மட்டும் முதலில் மதுரைக்கு வந்து உங்களிடம் இருக்க நேர்ந்தால், மகனும் மருமகளும் அங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, அந்த மாநில அரசிடம் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்று) பெற்ற ஒப்புதல் கடிதம் பயன்படும். அதிகாரப் பத்திரமாகவே அனுப்பினால், இந்தியாவுக்கு வந்துசேர்ந்த மூன்று மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். இதைத் தவறவிட்டு அலைபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

பேரனுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் நடப்பில் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். 16 வயதுக்குட்பட்டவருக்கு அது ஐந்தாண்டுகளுக்குத்தான் செல்லும். விண்ணப்பத்துக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை. அவர்களில் ஒருவர் தடுப்புக் காவலில் இருந்தால் அந்தச் சம்மதம் பெறுவதே பெரும்பாடாகிவிடும். அவன் அமெரிக்கக் குடிமகன் என்பதால் மதுரைக்கு வர ஓசிஐ அட்டையோ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தருவது) இந்திய விசாவோ வேண்டும். அந்த அட்டையை இப்போதே வாங்கிவைப்பது நல்லது. பேத்தியின் இந்தியப் பாஸ்போர்ட்டையும் அப்படியே பாருங்கள்.

இன்னொன்று. துணைத் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவின்படி, காவலில் எடுக்கப்படும் வெளிநாட்டவர் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்குமாறு கேட்கலாம். இந்தியர்களைப் பொறுத்தவரை, கேட்டால்தான் தெரிவிப்பார்கள். டெக்சாஸுக்கு உரியது ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம். குடியேற்ற நீதிமன்றத்தில் வழக்குரைஞர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நம் ஊரில் இலவசச் சட்ட உதவி மையம் ஏற்பாடு செய்வதுபோல் அரசு அமர்த்தித் தராது; செலவு அவர்களுடையது.

திருநகர்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. மகனிடம் வாசித்துக் காட்டினேன். தொடர்புப் பட்டியலில் தம்பதியர் இருவரின் பெயரைத் தவிர வேறு எவர் பெயரும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு சங்கடம் இருக்கிறது. பிள்ளைகளிடம் இதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது என்கிறாள் மருமகள். அது சரியா?

மறுமொழி 4: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருவாதவூர்

ஐயா, எங்கள் பகுதியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் எனக்குத் தெரியாது. அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முகாமில் தணிக்கை என்றால் பிள்ளைகளின் வருகை குறையும். வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதைக் கேட்ட பிள்ளைக்கு, யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்பது தெரியாததால், தெரிந்ததைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளும். நம் நாட்டுச் சட்டத்திலும் கல்வி உரிமை குடிமக்களுக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை. அரசியலமைப்பின் 21அ பிரிவு 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் என்றே சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவைத் தெரிந்துகொண்டு எந்தப் பிள்ளையும் பள்ளிக்கு வரவில்லை. சாயங்காலம் யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பது தெரிந்தால் வந்தார்கள்.

ஆகவே 7 வயதுப் பையனிடம் குடியேற்றம், வாரண்ட் என்றெல்லாம் பேச வேண்டியதில்லை. "அம்மா அப்பா வரத் தாமதமானால் இந்த அத்தை வருவார், அவரோடு போகலாம்" என்பது போதும்; அந்த அத்தை முன்கூட்டியே ஓரிரு முறை பள்ளிக்கு வந்து அழைத்துப் போகட்டும். 13 வயதுப் பெண்ணுக்கு முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு தொலைபேசி எண்களை மனப்பாடம் செய்யட்டும். வெளியார் எவராவது பள்ளியில் கேள்வி கேட்டால், தலைமையாசிரியரை அழைக்க வேண்டும் என்றும், பெற்றோரிடம் பேசாமல் பதில் சொல்ல மாட்டேன் என்றும் மரியாதையாகச் சொல்லப் பழகட்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் சுமையை மட்டும் அவள் தலையில் ஏற்றிவிட வேண்டாம்.

மறுமொழி 5: மேலூர்க்காரி, டல்லாஸ்

தலைமையாசிரியர் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். பேத்திக்கு 13 வயது என்பதால் ஒரு சேதி: நாட்டில் இருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு 14 வயது நிறைந்ததும், முன்பே பதிவாகியிருந்தாலும், 30 நாட்களுக்குள் மீண்டும் பதிவு செய்து கைரேகை கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். அவள் பிறந்தநாளை மகன் நாட்காட்டியில் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளட்டும். ஃபிரிஸ்கோவில் எங்கள் குடும்ப நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள்; தொடர்புப் பட்டியலுக்கு ஆள் தேவைப்பட்டால் மகனை எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.