புதிர் ஆட்களிடம் மாட்டிய அனுபவம் யாருக்காவது உண்டா?

கீழவெளிவீதி:
கிரிப்டோஸ், அமெரிக்காவில் லாங்லியிலுள்ள சிஐஏ தலைமையகத்தில் நிற்கும் ரகசிய எழுத்துச் சிற்பம். அதன் நான்காம் பகுதி, அந்த 97 எழுத்து. இங்கே பாதிப் பேர் அதில் ஒரு மாதமாவது தொலைத்திருப்பீர்கள், அதனால் மேற்கொண்டு விளக்கவில்லை. நான் தொலைத்தது 2021-இல். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எழுதி, தேதி கிழிப்பதற்கே வீட்டில் என்னிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலைமை.

ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு யாரோ ஒருவரிடமிருந்து தனிச்செய்தி. நான் மதுரை என்று எங்கோ எழுதியதைப் பார்த்திருக்கிறார். "சிற்பி கொடுத்த குறிப்புச் சொற்களான பெர்லினும் கிளாக்கும் என் விடையில் சரியான இடத்தில் விழுகின்றன. மிச்சம் எதுவும் ஆங்கிலம் இல்லை. இது உங்கள் மொழியா, பார்த்துச் சொல்ல முடியுமா?" கீழே 97 எழுத்தையும் ஒட்டியிருந்தார். வாய்விட்டு மூன்று தடவை படித்தேன். தமிழ் இல்லை. எந்த மொழியும் இல்லை. அதைச் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டியதுதானே? இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறாரே என்று, "பெர்லினுக்கு முன்னால் நரி என்று ஒரு சொல் தெரிகிறது" என்று போட்டுவிட்டேன்.

விடிந்து பார்த்தால் ஆறு பக்கம். லாங்லியில் சிற்பம் நிற்கும் முற்றம், சுற்றியுள்ள காடு, காட்டில் நரி, பெர்லின் மிருகக்காட்சிசாலை. 'நரி'யின் நான்கு ஆங்கில எழுத்துக்கும் சிவப்பு வட்டம். அப்புறம் மாதம் தவறாமல் வந்தது. நான் பதில் போடுவதை நிறுத்திவிட்டேன். 2025-இல், அந்த விடை ஸ்மித்சோனியன் காப்பகத்தின் ஒரு பெட்டிக்குள்ளேயே கிடந்தது என்று செய்தி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர்தான்.

இரட்டைச்சுழி:
என்னுடையது கண்ணைக் கட்டிக்கொண்டு ரூபிக் கியூப் போடுகிற கூட்டம். மூலை ஸ்டிக்கர் 24, ஓர ஸ்டிக்கர் 24. ஒவ்வொன்றுக்கும் ஏ முதல் எக்ஸ் வரை எழுத்து வைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரு படமாக்கி மனப்பாடம் செய்வார்கள். எனக்கு ஆங்கிலத்தில் படமே வராது. 18 மெய், கூடவே ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ. சரியாக 24! இது பொருந்திய அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை.

போட்டி. கண்கட்டைப் போட்டாயிற்று, நடுவர் என் முகத்துக்கும் கியூபுக்கும் நடுவில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ப-ட பாட்டி, ம-ட மாடு, த-ல தாலி. நான் மனசுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு "பாட்டி மாட்டுக்குத் தாலி கட்டுது" என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். நடுவர் தமிழ்ப் பையன். அவன் சிரிப்பை அடக்கிய அந்த மூக்குச் சத்தம் இருக்கிறதே, அதோடு அடுத்த படம் போய்விட்டது. கண்கட்டை எடுத்தால் இரண்டு ஓரத் துண்டுகள் புரண்டு நிற்கின்றன. டிஎன்எஃப், அதாவது முடிக்கவில்லை என்று கணக்கு. தாலி கட்டிய பிறகு அந்தப் பாட்டி என்ன செய்தாள் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

பழையபேப்பர்:
கீழவெளிவீதி சார், அந்த மனிதரைக் கிறுக்கர் மாதிரி எழுதியிருக்க வேண்டாம். அதே சிற்பத்தின் இரண்டாம் பகுதி என்ன ஆயிற்று? 1999-இல் விடை வெளியே வந்ததிலிருந்து கடைசி வரி 'ஐடி பை ரோஸ்' (ID BY ROWS) என்று நம்பி ஆளாளுக்கு அர்த்தம் கற்பித்தார்கள். 2006-இல் சிற்பி சான்பார்னே வந்து, ஓர் எழுத்தை விட்டுவிட்டேன், அது 'லேயர் டூ' என்றார். தற்செயலாக விழுந்த மூன்று சொல்லுக்கு ஏழு வருடம். உங்கள் நரி எவ்வளவோ தேவலை.

என் அனுபவம் சின்னது. 17 எண் மட்டும் கொடுத்த சுடோகு ஒன்றை (ஒரே விடை வர அதுதான் குறைந்தபட்சம்) நானே கண்டுபிடித்து, பெருமையாகப் போட்டேன். நாலு நிமிடத்தில் பதில்: "வலப்பக்கம் ஒரு தடவை திருப்புங்கள். 3-ஐயும் 7-ஐயும் மாற்றுங்கள். ராய்லின் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது." 17 எண் சுடோகுகளைக் கணிதப் பேராசிரியர் ராய்ல் தொகுத்த, 49,000-க்கும் மேல் உள்ள பட்டியல் அது. திருப்பினேன். இருந்தது.

இரட்டைச்சுழிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் 24 அடிப்படையிலேயே கோளாறு. ங, ண, ற, ன, ள, ழ எதிலும் தமிழ்ச் சொல் தொடங்காது. ஆறு எழுத்தை வீணாக வைத்துக்கொண்டு, போதாததற்கு ஸ்ரீ. க்ஷ-வும் ஸ்ரீ-யும் இரண்டிரண்டு எழுத்து ஒட்டியவை, ஓர் எழுத்தே கிடையாது. பேசாமல் உயிர் 12 எடுங்கள். சொல்லுக்கு முதலில் வரும் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ ஒன்பது. டீ, ரயில், லாரி என்று அன்றாடம் சொல்வதால் ட, ர, ல. மொத்தம் 24. படமும் எழுத்துக்கு ஒன்றாக வையுங்கள், ஜோடிக்கு ஒன்று வேண்டாம்: முதல் எழுத்து ஆள், இரண்டாவது அந்த ஆள் செய்யும் வேலை. முதல் பத்து நாள் கியூபைத் தொடாமல் பட்டியலை மட்டும் படியுங்கள். இரவில் படிக்க வேண்டாம், காலையில். பாட்டி வேண்டவே வேண்டாம், சிரிப்பு வரும்.

இரட்டைச்சுழி:
நான் யோசனை கேட்கவில்லையே சார். இருக்கட்டும். நான் வைத்திருப்பது ஜோடி. ழ இரண்டாவதாக வந்தால் வாழை, கூழ், தாழி, வேண்டிய அளவுக்கு இருக்கிறது. முதலில் வந்தால் மட்டும்தான் கஷ்டம், அதற்கு மட்டும் தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன். உங்கள் கணக்கில் ஔ-வும் ஊ-வும் சேர்ந்து வந்தால் என்ன செய்வீர்கள்? ஔவையார் ஊஞ்சல் ஆடுவாரா?

பழையபேப்பர்:
ஆடட்டுமே.