மைவி ஏர் பிரஸ் ஒட்டி ரெண்டே நாள்ல கிளம்பிடுச்சு, உதவி பண்ணுங்க

செம்பனை88:
வணக்கம் எல்லாருக்கும். என் பெரோடுவா மைவி காருக்குப் புது ஏர் பிரஸ் (கதவுக் கண்ணாடிக்கு மேல ஒட்டுற மழைத் தடுப்பு பிளாஸ்டிக்) ஒரு செட் வாங்கி ஞாயித்துக்கிழமை நானே ஒட்டுனேன். நேத்து சாயங்காலம் மழையில சுங்கை சிப்புட்ல இருந்து ஈப்போ போறப்ப இடது முன் கதவுல பின் நுனி கிளம்பிடுச்சு. வேகம் எடுத்தா படபடன்னு அடிக்குது, உள்ள தண்ணியும் சொட்டுது. சிலிக்கன் அடிச்சு ஒட்டிடலாமா? நாளைக்கு மறுபடி ஈப்போ போகணும், யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

காடிபிரியன்:
எந்த வருஷ மைவி தம்பி? வெளியில டேப் வச்சு ஒட்டுற டைப்பா, இல்ல கண்ணாடி ரப்பருக்குள்ள சொருகுற டைப்பா? தண்ணி சொட்டுறப்ப கண்ணாடி எவ்வளவு எறக்கியிருந்தீங்க? இது தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

மழைமேகம்:
டேப்புதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல. மலிவான செட்ல வர்ற வெள்ளை ஃபோம் டேப் தண்ணியை உறிஞ்சி ஊறிடும். அதைப் பிச்சுப் போட்டுட்டு, சிவப்புத் தாள் போட்ட 3எம் அக்ரிலிக் ஃபோம் டேப் வாங்குங்க. 8 மில்லி அகலம், 0.8 மில்லி தடிப்பு. ஒரு கதவுக்கு ஏறக்குறைய 1 மீட்டர் புடிக்கும். 5 மீட்டர் ரோல் ஒண்ணு இருந்தா நாலு கதவும் முடிஞ்சிடும்.

பழைய_சாவி:
மாசத்துக்கு ஒரு தடவை இதே கேள்வி வருது, தேடிப் பார்த்துட்டுக் கேளுங்க. வருஷம்கூட எழுதாம உதவி கேட்டா எப்படி? சிலிக்கன்ங்கிற பேச்சையே விடுங்க. புளிச்ச வாடை அடிக்கிற சிலிக்கன்ல அசிட்டிக் ஆசிட் வெளிய வரும், பெயிண்ட்ல கீறல் இருந்தா அந்த எடத்துல துரு ஏறும். அதைவிட மோசம், அதைச் சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாம ஒரு படலம் நிக்கும். அதுமேல எந்த டேப்பும் ஒட்டாது. சூப்பர் குளூவும் கூடாது. ஏர் பிரஸ் அக்ரிலிக் பிளாஸ்டிக், அதுல வெள்ளை பூத்து வெடிப்பு விடும்.

செம்பனை88:
2017 மைவி அண்ணே. வெளியில ஒட்டுற டைப். கண்ணாடி ரெண்டு விரக்கடை எறக்கியிருந்தேன்.

பழைய_சாவி:
2017ன்னா ரெண்டு மைவி இருக்கு. மூணாவது மாடல் 2017 நவம்பர்லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி எடுத்ததுன்னா ரெண்டாவது மாடல். கதவு சட்டம் ரெண்டுக்கும் வேற, ஒண்ணோட ஏர் பிரஸ் இன்னொண்ணுக்குப் பொருந்தாது. முன் விளக்கு எல்இடியா, சாதா பல்பான்னு பாருங்க. மூணாவது மாடல் எல்லாத்துக்கும் எல்இடிதான். உங்களுக்கு வந்தது தப்பு செட்டுன்னு நான் உறுதியாச் சொல்றேன்.

டின்ட்_கடை:
செட் தப்புன்னு இப்பவே முடிவு கட்ட வேண்டாம். கிளம்புன நுனியை லேசாத் தூக்கி, டேப் எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாருங்க. டேப் பிளாஸ்டிக்கோட வந்து கதவு வெறுமையா இருந்தா, கதவுல வேக்ஸோ தூசியோ ஈரமோ இருந்திருக்கு. டேப் கதவுல நின்னு பிளாஸ்டிக் வெறுமையா இருந்தா, பிளாஸ்டிக் பக்கம் ஒட்டுனது சரியில்ல. ஃபோம் நடுவுல ரெண்டாக் கிழிஞ்சிருந்தா, அந்தத் துண்டு வளைஞ்சு நின்னு எந்நேரமும் இழுத்துக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். இதைப் பார்த்தாலே பாதி விஷயம் வெளிய வந்துடும். முடிஞ்சா ஒரு படம் போடுங்க.

செம்பனை88:
எல்இடி விளக்குதான். டேப் பிளாஸ்டிக்லயே இருக்கு. பசைமேல செம்மண் தூசி அப்பியிருக்கு. நுனி மட்டும் ஃபோம் பிஞ்ச மாதிரியும் தெரியுது.

காடிபிரியன்:
அப்ப மூணாவது மாடல்தான். மத்த மூணு கதவும் எப்படி?

செம்பனை88:
மத்த மூணும் நல்லா உட்கார்ந்திருக்கு.

காடிபிரியன்:
தப்பு செட்டா இருந்தா நாலுமே உட்காராது. அதனால செட் சரி. அந்த ஒரு துண்டுதான் பெட்டியில அழுந்தி வளைஞ்சு வந்திருக்கணும், கூடவே செம்மண் தூசி. தோட்டத்து ரோட்ல ஓடுற காடிக்குக் கதவுச் சட்டத்து மேல் ஓரத்துல மாவு மாதிரி மண் நிக்கும். துணியால ஒரு தடவை துடைச்சாப் போகாது.

வேலை இப்படிப் பண்ணுங்க. முதல்ல ஹேர் டிரையரால ஒரு நிமிஷம் சூடு காட்டி, தூண்டில் நரம்பை டேப்புக்குப் பின்னால விட்டு ரம்பம் மாதிரி இழுத்து அறுங்க. ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பாதீங்க, பெயிண்ட் போயிடும். மிச்சம் நிக்கிற பசையைக் கட்டை விரலால தேச்சா உருண்டு உருண்டு வந்துடும். பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில ரெண்டு தடவை கழுவி, நல்லாக் காஞ்ச பிறகு ஐசோபுரோபில் ஆல்கஹாலும் தண்ணியும் பாதிப் பாதி கலந்து துடைங்க. வெள்ளைத் துணி வச்சுக்குங்க, துணியில கறை வர்றது நிக்கிற வரைக்கும் துடைக்கணும். ஆல்கஹால் கதவுக்கு மட்டும்தான். ஏர் பிரஸ்ல படவிட்டா வளைஞ்ச எடத்துல மயிரிழை வெடிப்பு விடலாம். தின்னர், பெட்ரோல் ரெண்டுமே வேண்டாம்.

அடுத்து, பிளாஸ்டிக்ல புது டேப் ஒட்டி, அதோட வெளித் தாளை உரிக்காமலே பிளாஸ்டிக்கைக் கதவுல வச்சுப் பாருங்க. மாஸ்கிங் டேப் ரெண்டு எடத்துல போட்டு நிறுத்துங்க. பின் நுனியில 2 மில்லிக்கு மேல இடைவெளி இருந்தா அந்தத் துண்டை ஒட்டவே ஒட்டாதீங்க, கடையில கொடுத்து மாத்துங்க. எவ்வளவு நல்ல டேப்பா இருந்தாலும் விடாம இழுத்துக்கிட்டே இருந்தா கொஞ்சம் கொஞ்சமா உரிஞ்சுதான் வரும்.

மழைமேகம்:
சுடுதண்ணி ஊத்தி வளைவை நிமித்திடலாமே?

டின்ட்_கடை:
முடியாது. அக்ரிலிக் இளகுறதுக்கே ஏறக்குறைய 100 டிகிரிக்கு மேல போகணும். சுடுதண்ணி ஊத்துறதுக்குள்ள ஆறிடும். அடுப்புலயோ ஹீட் கன்லயோ காட்டுனா ஒரு பக்கம் உருகி ஒரு பக்கம் அப்படியே நிக்கும்.

ஒட்டுறப்ப இன்னொண்ணு. தாளை முழுசா உரிச்சுட்டு ஒட்டாதீங்க. ரெண்டு நுனியிலயும் 5 சென்டிமீட்டர் மட்டும் உரிச்சு, தாள் வாலை வெளிய மடிச்சு விடுங்க. எடம் பார்த்து ரெண்டு நுனியையும் ஒட்டிட்டு, வாலைப் புடிச்சு மெதுவா இழுத்தா உள்ள இருக்கிற தாள் உருவிக்கிட்டு வரும், பிளாஸ்டிக் நகராது. பிறகு ஒவ்வொரு சாணுக்கும் 20 நொடி நல்லா அழுத்துங்க. கதவுல கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுன எடம் இருந்தா டேப் அதுமேல விழாமப் பாத்துக்குங்க, ஸ்டிக்கரோட சேர்ந்து வந்துடும். கிளிப் கொடுத்திருந்தா கட்டாயம் மாட்டுங்க.

பழைய_சாவி:
நேரத்தை யாருமே சொல்லல. விடியக்காலையில தகரத்துல பனி ஈரம் இருக்கும், மத்தியான வெயில்ல தொட முடியாது. 21லிருந்து 38 டிகிரி வரைக்கும்தான் அந்தப் பசைக்கு ஏத்த சூடு. காலையில 9 மணிக்கு மேல நிழல்ல வச்சு ஒட்டுங்க. 20 நிமிஷத்துல பாதிப் புடிப்பு, ஒரு நாள்ல 90 சதவீதம், முழுப் புடிப்புக்கு 72 மணி நேரம். சாயங்கால மழை சீசன்ல மூணு நாளும் மழை இல்லாமக் கிடைக்காது. அதனால முதல் 24 மணி நேரமாவது கூரைக்குக் கீழ நிக்கணும். தோட்டத்து வீட்ல போர்ச் இல்லன்னா யாராவது வீட்டுக் கொட்டாய்ல விடுங்க. நாளைக்கு ஈப்போ போகணும்னா அந்த ஒரு துண்டைக் கழட்டி வச்சுட்டுப் போங்க. ரோட்ல பறந்தா பின்னால வர்ற மோட்டார் சைக்கிள்காரருக்கு ஆபத்து.

ரப்பர்_தோட்டம்:
மழையில கண்ணாடியை ஏன் எறக்கணும்? ஏசி போட்டா எல்லாம் சரி. ஏர் பிரஸ்ஸே தேவை இல்லாத சாமான்.

மழைமேகம்:
ஏசி போட்டாத்தானே கண்ணாடி முழுக்கப் பனி புடிக்குது! அதுக்குத்தான் ஒரு விரல் எறக்குறோம்.

டின்ட்_கடை:
ரெண்டு பேரும் வேற வேற பனியைப் பத்திப் பேசுறீங்க. உள்பக்கம் புடிக்கிறது நம்ம மூச்சு ஈரம், ஏசி அந்த ஈரத்தை இழுத்துடும். வெளிப்பக்கம் புடிச்சா கண்ணாடி அளவுக்கு மேல குளுந்துபோச்சு, வைப்பரை ஒரு தடவை ஓட்டிட்டு ஏசி குளிரைக் குறைக்கணும். கையால தடவிப் பார்த்தாலே எந்தப் பக்கம்னு தெரியும்.

ரப்பர்_தோட்டம்:
அப்பவும் ஏர் பிரஸ் தேவை இல்லங்கிறதுதானே வருது?

மழைமேகம்:
வெயில்ல காடியை நிறுத்துறப்ப ஒரு விரல் எறக்கி வச்சா உள் சூடு வெளிய போகுமே, அதுக்கு என்ன சொல்றீங்க? ஏசி எந்நேரமும் ஓடுமா?

காடிபிரியன்:
இந்த வாதத்துக்குத் தனி இழை போடுங்கப்பா, தம்பி கேட்டது மூழ்கிடப் போகுது. தம்பி, தண்ணி சொட்டுனதுக்கும் அந்த நுனிதான் காரணம். கூரையில இருந்து வழியிற தண்ணி டேப் விட்ட சந்துல எறங்கி உள்ள வருது. ஆனா ஏர் பிரஸ் சரியா இருந்தாலும் ரெண்டு விரக்கடை கூடுதல், ஓடுறப்ப சாரல் சுழண்டு உள்ள வரும். ஒரு விரக்கடையோட நிறுத்துங்க.

(நாலு நாள் கழிச்சு)

செம்பனை88:
வச்சுப் பார்த்தேன், அந்தத் துண்டுல மட்டும் நுனியில சுண்டு விரல் போகுது. கடையில மாத்திக் கொடுத்துட்டாங்க. முந்தாநாள் காலையில ஒட்டி ஒரு நாள் கொட்டாய்ல விட்டேன். நேத்து நல்ல மழை, சொட்டல. எல்லாருக்கும் நன்றி.

பழைய_சாவி:
மத்த மூணு கதவுலயும் அதே தூசியோடதான் ஒட்டியிருப்பீங்க. வாரம் ஒரு தடவை நுனியை விரலால அழுத்திப் பாருங்க. ஸ்னோ வாஷுக்கு (நுரை அடிச்சுக் கழுவுற எடத்துக்கு) விட்டா, தண்ணித் துப்பாக்கியை அந்த ஓரத்துல நேராக் காட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க.