18 ஆண்டு அனுபவம் இருந்தும் புதிய முறைக்கு மாற அஞ்சுகிறேன். கடந்து வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

கேள்வி

வணக்கம். நான் ஒரே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 18 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எந்த வவுச்சர் எந்தப் பேரேட்டில் ஏறியிருக்கும் என்று யார் கேட்டாலும் கோப்பைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் பிரிவு முழுவதும் புதிய மென்பொருளுக்கு மாறியது. பயிற்சி வகுப்புகள் முடிந்துவிட்டன, மற்றவர்களும் பழகிவிட்டார்கள். நான் மட்டும் அந்தத் திரையைத் திறந்ததுமே நெஞ்சு படபடத்து, ஏதேனும் காரணம் சொல்லி, பழைய கோப்புகளைச் சரிபார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அன்று மாலை வரை நிம்மதியாக இருக்கிறது. மறுநாள் காலையில் அச்சம் முன்னைவிடக் கூடியிருக்கிறது. என்னைவிட 15 வயது இளையவர்களிடம் சந்தேகம் கேட்க நா எழவில்லை. அச்சம் தணிந்த பிறகு கற்கத் தொடங்கலாம் என்று காத்திருக்கிறேன், அது தணிவதாக இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

முதல் பதில்

நான் மனநல ஆலோசகராகப் பணிபுரிகிறேன். பழைய கோப்புகளை வாங்கிக்கொண்ட அன்று நிம்மதியும் மறுநாள் கூடுதல் அச்சமும் வருவதாக எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் எழுதியதில் மிக முக்கியமான வரி அதுதான். அஞ்சும் ஒன்றிலிருந்து விலகும்போது கிடைக்கும் நிம்மதி, விலகியதற்கான பரிசாக மனத்தில் பதிகிறது. ஆகவே அடுத்த முறையும் மனம் விலகவே தூண்டுகிறது. அந்தத் திரையின் முன் அமர்ந்தால் உண்மையில் என்ன நேரும் என்பதை அறியும் வாய்ப்பும் அதனால் கிடைக்காமல் போகிறது. அச்சம் தணிந்த பிறகு தொடங்குவது என்ற வரிசையை நீங்கள் மாற்றியாக வேண்டும், ஏனெனில் பெரும்பாலும் தொடங்கிய பிறகுதான் அது தணிகிறது.

இதற்காக ஒரேயடியாக ஆழத்தில் குதிக்கத் தேவையில்லை. மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அளித்த சிகிச்சையை 1924ஆம் ஆண்டில் பதிவுசெய்தார். சிறுவன் தனக்குப் பிடித்த உணவை உண்ணும் வேளையில் முயலைக் கூண்டோடு தொலைவில் வைத்து, அவன் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு நாளடைவில் அருகே கொண்டுவந்தார்கள். முடிவில் முயல் தன் விரல்களைக் கொறிப்பதற்கும் அவன் இடம் கொடுத்தான். உங்களுக்கும் இதே படிமுறை பொருந்தும். ஏற்கெனவே முடித்துவிட்ட பழைய வவுச்சர் ஒன்றைப் பயிற்சிக்கான தரவுத்தளத்தில் நாளுக்கு 20 நிமிடம் பதிவுசெய்து பழகுங்கள். அங்கே நேரும் பிழையால் யாருக்கும் இழப்பில்லை. தொடங்கும் முன் என்ன நேரும் என்று அஞ்சுகிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதி, முடித்ததும் உண்மையில் நேர்ந்ததை அதன் அருகே எழுதுங்கள். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். அது சற்று இறங்கும் வரை அமர்ந்திருங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல விரும்புகிறேன். பழக்கப்படுத்திய எதிர்வினை மறைந்த பிறகும் ஓர் இடைவெளிக்குப் பின் தானாகவே மீண்டும் தலைகாட்டும் என்பதை ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் தம் ஆய்வில் பயன்படுத்திய நாய்களிடம் கண்டார். மனிதரின் அச்சமும் முற்றாக அழிவதில்லை, அதன் மேல் புதிய கற்றல் ஒன்று படிகிறது. ஆகவே ஒரு வார விடுப்புக்குப் பின் திரும்பும்போது பழைய நடுக்கம் எட்டிப்பார்த்தால், பட்டதெல்லாம் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். படபடப்பு பணிநேரத்துக்கு வெளியிலும் தொடர்ந்து, உறக்கத்தையும் கெடுக்குமானால் மருத்துவரை நேரில் பாருங்கள்.

இரண்டாம் பதில்

நான் அச்சுக்கூடத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஈய எழுத்துகளைக் கோத்தவன். தலைகீழாக இருக்கும் எழுத்துகளை மற்றவர்கள் செய்தித்தாள் படிக்கும் வேகத்தில் படித்துப் பிழை கண்டுபிடிப்பேன். கணினி வந்தபோது விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தேடி விரலை அலையவிட்ட அந்த நாள்களில், என் மகன் வயதுப் பையன்கள் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் எனக்குப் பெரிய வதையாக இருந்தது. உங்கள் நிலை எனக்கு அப்படியே புரிகிறது.

ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டு விற்ற அன்று நான் அழுதேன். அச்சம் என்று அதுவரை நான் நினைத்திருந்ததில் பாதி துக்கம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதைத் துக்கம் என்றே ஏற்றுக்கொண்டு, நான் நேசித்த ஒன்று முடிந்துவிட்டது என்று வீட்டாரிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகு, கணினியின் மீதிருந்த பகை குறைந்தது. நீங்களும் எதை இழந்ததாக வருந்துகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கோப்பைத் திறக்காமல் பதில் சொல்லும் அந்த மதிப்பாகவும் அது இருக்கலாம்.

எல்லாமே போய்விடவும் இல்லை. சொற்களுக்கிடையே எவ்வளவு இடம் விட்டால் கண் உறுத்தாது, பக்கத்தின் தலையில் ஒற்றை வரியைத் தனியே நிறுத்தலாகாது என்பன போன்ற என் அறிவு கணினித் திரையிலும் அப்படியே பயன்பட்டது. விசைகளை வேகமாகத் தட்டத் தெரிந்த அந்தப் பையன்கள் அதை என்னிடம் கேட்டுத்தான் கற்றார்கள். பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் இருப்பாய்வு பொருந்தாதபோது எங்கே தேட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மென்பொருள் மாறியதால் அந்த அறிவு தேய்ந்துவிடாது.

மூன்றாம் பதில்

மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் சுமை முழுவதையும் உங்கள் மனத்தின் மீதே ஏற்றிவிட வேண்டாம். வகுப்பில் பார்த்துவிட்டு மறுநாளே பிழையின்றிச் செய் என்றால் யாரும் தடுமாறுவார்கள். மேலாளரிடம் சென்று, ஆறு வாரங்களுக்கு நாளுக்கு அரைமணி நேரம் ஒருவர் அருகில் அமர்ந்து உதவ வேண்டும் என்று காலமும் அளவும் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொதுவாக 'எனக்கு வரவில்லை' என்பதைவிட அது கேட்பவருக்கும் எளிது, கொடுப்பவருக்கும் எளிது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. இரண்டாம் பதிலைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது, இதுவரை நான் அதைத் துக்கம் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. இன்று காலை பழைய கோப்புகளைக் கேட்கவில்லை. நம் கணக்கையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியலைப் புதிய முறையில் எடுப்பது எப்படி என்று பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டேன். அவர் காட்டிக்கொடுத்துவிட்டு, சென்ற மாதக் கணக்கில் பொருந்தாமல் நிற்கும் ஒரு தொகையைப் பற்றி என்னிடம் கேட்டார். நாளை இருவரும் சேர்ந்து அதைத் தேடப்போகிறோம்.