ஆர்வோ, சிஓபி, ஹாஃப் ஃபைவ்: சிட்னி, லண்டன் குறுக்கங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

உட்லண்ட்ஸ் பறவை:
வணக்கம். சிங்கப்பூரிலிருந்து சிட்னி, லண்டன் அலுவலகங்களோடு தினமும் சாட்டில் பேச வேண்டிய வேலை. "ஆர்வோவில் அனுப்பு", "சிஓபிக்குள் வேண்டும்", "ஹாஃப் ஃபைவ் சரியா?" என்றெல்லாம் வருகிறது. இதற்கு ஏதாவது விதி உண்டா, மனப்பாடம்தானா? நாம் எழுதுவதில் எது அவர்களுக்கு விளங்காது?

ஈசூன் வாசகர்:
ஆஸ்திரேலியர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சொல்லின் தலையை வைத்துக்கொண்டு வாலில் 'ஓ' அல்லது 'ஈ' ஒட்டுவார்கள். ஆஃப்டர்நூன், ஆர்வோ. சர்விஸ் ஸ்டேஷன், சர்வோ, பெட்ரோல் நிலையம்தான். வாகனப் பதிவு ரெகோ, ஆம்புலன்ஸ் ஊழியர் ஆம்போ, காலை உணவு பிரெக்கி, கொசு மோஸி. 'ஈ' கேட்டதும் குழந்தைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம்: மின்வேலை, குழாய்வேலை செய்பவரை டிரேடி என்பார்கள், அதில் மரியாதைக் குறைவே இல்லை. ஸ்மோகோ என்பது சிகரெட் பிடிப்பவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்குமான சிறு இடைவேளை. இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்றால், மெக்டோனல்ட்ஸே 2013ல் அங்குள்ள சில கடைகளில் 'மெக்காஸ்' என்று பலகை மாட்டியது.

ஹாஃப் ஃபைவ் பிரிட்டிஷ் வழக்கு. நடுவில் உள்ள 'பாஸ்ட்' விழுந்துவிட்டது. நம் ஐந்தரையேதான், 5:30. குழுவில் ஜெர்மானியர் இருந்தால் கவனம், அவர்கள் மொழியில் அதே அமைப்பு 4:30ஐக் குறிக்கும்.

தோ பாயோ தம்பி:
சிஓபிதான் (குளோஸ் ஆஃப் பிசினஸ்) ஆளைக் கவிழ்க்கும். வேலைநாள் முடிவு சரி, யாருடைய நாள்? சிட்னி நம்மைவிட 2 மணி நேரம் முன்னால். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை 3 மணி. அவர்களின் மாலை 5 நமக்குப் பிற்பகல் 3 அல்லது 2. லண்டனின் மாலை 5 நமக்குக் கோடையில் நள்ளிரவு, குளிர்காலத்தில் பின்னிரவு 1. "வியாழன், சிங்கப்பூர் நேரம் பிற்பகல் 2, சரிதானே?" என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

நம் பக்கம்: நாம் சொல்லை வெட்டுவதைவிட முதலெழுத்துகளை அடுக்குவதே அதிகம். தமிழிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசேநி (மத்திய சேமநிதி) என்று அப்படித்தானே எழுதுகிறோம்! அதனால் வெளியாருக்கு ஊகிக்கப் பிடிமானம் கிடைப்பதில்லை. எம்சி (நமக்கு மருத்துவச் சான்றிதழ்) என்றால் நிகழ்ச்சி நெறியாளர் என்று எடுத்துக்கொள்வார்கள். லண்டனுக்கு சிக் நோட் என்று எழுதுங்கள். பிஐசியை (பர்சன் இன் சார்ஜ், பொறுப்பாளர்) 'பிக்', அதாவது படம் என்று வாசிப்பார்கள். கேஐவி (கீப் இன் வியூ, கவனத்தில் வைத்திரு), ஓடிஓடி (ஓன் டைம் ஓன் டார்கெட், உன் வசதிப்படி செய்) இரண்டையும் விரித்தே எழுதுங்கள்.

ஈசூன் வாசகர்:
இன்னொன்று, இஎஸ்டி (ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்ட் டைம்). சிட்னிக்காரர் எழுதினால் அவர் ஊர் நேரம், நியூயார்க்காரர் எழுதினால் அமெரிக்கக் கிழக்கு நேரம். இடையில் பருவத்தைப் பொறுத்து 14 முதல் 16 மணி நேரம்.