மலையேறுவோர் தங்கும் கட்டடத்துக்கு ‘மலைச்சாவடி’

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆல்ப்ஸ் போன்ற உயர்மலைகளில் ஏறுவோர் இரவு தங்கும் கட்டடத்தை ‘மலைக்குடிசை’ எனலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லையில் மான்டே ரோசா மலைத்தொகுதியின் சிக்னல்குப்பே சிகரத்தில், 4,554 மீட்டர் உயரத்தில் இருக்கும் மார்கெரிட்டா இல்லத்தையே எடுத்துக்கொள்வோம். 1893இல் இத்தாலிய அரசி மார்கெரிட்டாவின் முன்னிலையில் திறக்கப்பட்டு, 1980இல் புதிதாகக் கட்டி முடிக்கப்பட்ட அந்த மரக்கட்டடத்தின் வெளிப்புறம் முழுவதும், மின்னல் தாக்கினாலும் உள்ளிருப்போருக்கு ஊறு நேராதபடி, செப்புத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர்மலை நோயை ஆராயும் ஆய்வுக்கூடமும் அங்கு உண்டு. தண்ணீர் ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் அந்த உயரத்தில் பணியாளர்கள் சமைத்துப் பரிமாறுகிறார்கள். இதைப் போய்க் குடிசை என்பதா? ‘குடில்’ என்றால் முனிவர் நினைவுக்கு வருகிறார். ‘மலைவிடுதி’ என்றால் ஊட்டியும் கொடைக்கானலும்தான்.

ஆகவே ‘மலைச்சாவடி’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். வழிப்போக்கர் இரவு தங்கிவிட்டுப் பயணத்தைத் தொடரும் பொது இடமே நம் ஊர்ச் சாவடி. ஆல்ப்ஸிலும், பனி இறுகியிருக்கும்போதே மேலேறி, வெயிலில் அது இளகுமுன் திரும்பிவிட வேண்டும் என்பதால், பலர் விடிவதற்குப் பல மணி நேரம் முன்பே தலைவிளக்கு வெளிச்சத்தில் கிளம்பிவிடுகிறார்கள். சுங்கச்சாவடி, வாக்குச்சாவடி ஆகியவற்றோடு குழம்பும் என்ற அச்சம் வேண்டியதில்லை. முன்னொட்டு வேறுபாட்டைக் காட்டிவிடும். பொறுப்பாளரைச் ‘சாவடிக் காப்பாளர்’ எனலாம்.

ஆனால் ஆல்ப்ஸின் மாட்டர்ஹார்ன் சிகரத்தில், ஏறுவோர் செல்லும் ஹோர்ன்லி முகட்டில், 4,003 மீட்டர் உயரத்தில் உள்ள சோல்வே தங்குமிடத்துக்கு இச்சொல்லைத் தரக்கூடாது. அங்கே காப்பாளரும் இல்லை, சமையலும் இல்லை. புயலிலோ விபத்திலோ சிக்கியவர்களுக்காக மட்டும் பத்துப் பேர் படுக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது அது. மழைக்கு ஒதுங்குகிறோம் அல்லவா, அந்தப் பொருளிலேயே இதனை ‘மலை ஒதுங்கிடம்’ என வழங்கலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், வழிகாட்டி நூலைத் தமிழில் படிப்பவர் சோற்றையும் போர்வையையும் எதிர்பார்த்து, இரவு அங்கே தங்கத் திட்டமிட்டே ஏறிவிடக்கூடும்.