மரம் நடும் பட்டியலில் பாலையையும் சேருங்கள்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

வாற மாரிக்கு ஊரில் நடுவதற்கென்று எங்கள் ஊர்ச் சங்கம் போட்ட மரப் பட்டியலைப் பார்த்தேன். தேக்கும் மலைவேம்பும்தான் நிறைய இருக்கின்றன. எங்கள் காட்டு மரங்களான பாலையையும் வீரையையும் காணவில்லை. வன்னியில் ஒரு ஊருக்கு மரம் நடப் போய்ப் பாலையை விடலாமா?

கனடாவிலும் லண்டனிலும் பிறந்த பிள்ளைகளும் வாசிப்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மாரி மழையில் விளையும் காலபோக நெல்லைச் சூடடித்து வீட்டுக்கு ஏற்றிய பிறகு, குளத்தில் தண்ணீர் நின்றால்தான் சிறுபோகம் என்ற கோடை வேளாண்மை. நிற்காத வருடம் வைகாசி, ஆனி வெயிலில் வயல் வெடித்துக் கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பாலை பழுக்கும். விடியவே அம்மாமார் ஓலைப்பெட்டிகளோடு காட்டுக்குப் போவார்கள். தனியே போவதில்லை, ஆளையாள் கூப்பிட்டுக்கொண்டே நடப்பார்கள். கரடிக்கும் பாலைப்பழம் என்றால் உயிர். பெடியன்கள் ஏறிக் கொப்பை உலுப்ப, கீழே சாக்கை விரித்துப் பிடிப்பார்கள். வேப்பம்பழம் அளவில் மஞ்சள் மஞ்சளாகக் கொட்டும். ஆசையில் அள்ளித் தின்றால் பால் ஒட்டி உதடு பிரியாது, தேங்காய் எண்ணெய் பூசித்தான் எடுக்க வேண்டும். மிஞ்சிய பழத்தைப் பிழிந்து காய்ச்சிப் பாணியாக்கிப் போத்தலில் விடுவார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டில் கட்டிப் போகும் வழியெல்லாம் சிறுவர்களுக்கு இந்தப் பழம்தான் தீன்.

இப்போது கொப்போடு வெட்டி வந்து வீதியோரம் விற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர்களின் சீவியம். ஆனால் வெட்டின கொப்பில் அடுத்த வருடம் பழம் ஏது? போதாததற்கு வைரமான மரம் என்பதால் வீட்டு வளைக்கும் தூணுக்கும் முன்பிருந்தே தறிபட்டு வந்தது.

மலைவேம்பு கெதியாகக் காசாகும் என்று ஒரு அண்ணை எழுதியிருந்தார். உண்மைதான், பாலை மிக மெதுவாக வளரும். ஆனால் சங்கம் மரவியாபாரத்துக்காக நடவில்லையே, அண்ணை. பாலை நின்றால் ஊர்ப்பிள்ளைகள் தலைமுறையாகத் தின்பார்கள். கன்று போடுவதும் பெரிய வித்தையில்லை. சப்போட்டா ஒட்டுக் கட்டப் பாலைக் கன்றைத்தான் அடிக்கன்றாக வளர்த்து எடுப்பார்கள்.

ஒன்று மட்டும் கவனம்: குளக்கட்டில் வைக்க வேண்டாம், வேர் போய்க் கட்டு பழுதாகும். கட்டுக்கு எதிரே, குளத்துத் தண்ணீர் பரவி நிற்கும் அலைகரைப் பக்கம், தண்ணீர் ஏறாத மேட்டில் வைப்போம். அதற்கு ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்போடு முதலில் கதைக்க வேண்டும். மாடு கடிக்காமல் முள்ளடைக்கவும், கோடையில் தண்ணீர் ஊற்ற ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவும் சேர்த்த காசில் ஒரு பங்கை ஒதுக்குங்கள்.

இந்த ஆனியில் விதை சேர்த்தால்கூட வாற மாரிக்குக் கன்று தயாராகாது, அடுத்த மாரிக்குத்தான் வைக்கலாம். பரவாயில்லை. எந்த மரத்துப் பழம் நல்ல இனிப்பு என்று ஊரில் பழம் பொறுக்கியவர்களுக்குத் தெரியும். அந்த மரங்கள் நிற்கும் இடங்களை எழுதுங்கள். பழம் முடிய முதல் ஊரில் உள்ளவர்களிடம் விதை எடுக்கச் சொல்லலாம்.

அன்புடன்,
உங்கள் ஊரவன்